ஐந்து முதலிடங்கள்

ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்பவரை அவர் தெருவில் எல்லோரும் 'அறிவிப்பு' என்றே அழைத்தார்கள். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது. முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அவரைத் தெரியாது. கடைக்குப் போய் "அரைக் கிலோ தக்காளி" என்று வாயைத் திறந்தால் போதும், கடைக்காரர் நிமிர்ந்து, "அட, நீங்களா! தக்காளி எந்த பிளாட்பாரத்துல வருது?" என்று கேட்பார். இந்த ஒரே நகைச்சுவையை வெவ்வேறு கடைக்காரர்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து வருடக்கணக்காக அவருக்கு வழங்கிவந்தார்கள். அவரும் ஒவ்வொரு முறையும் அப்போதுதான் கேட்பதுபோலச் சிரித்துவந்தார்.

அவர் வேலை செய்த அறை நிலையத்தின் மாடியில் இருந்தது. ஒரு மேசை, ஒரு மைக், சிக்னல் அறையிலிருந்து தகவல் வரும் ஒரு தொலைபேசி, நடைமேடைகளைப் பார்த்த கண்ணாடி ஜன்னல். தொலைபேசி சொல்லாமல் அவர் சொல்ல மாட்டார். வண்டி கண்ணெதிரே வந்து நின்று பெருமூச்சு விட்டாலும், தொலைபேசி அடிக்காதவரை அவரைப் பொறுத்தமட்டில் அது வரவில்லை. பேசும் முறையும் தனி. தகரக் கூரை எதிரொலிக்கும் என்பதால் ஒரு வார்த்தையைச் சொல்லி, அதன் எதிரொலி அடங்கும்வரை காத்திருந்து, பிறகே அடுத்ததைச் சொல்வார். மூன்றாவது. நடைமேடைக்கு. வந்துசேரும். ஒரு வார்த்தை இன்னொன்றை இடிக்காது. நிலையத்துக்கு வெளியே சைக்கிள்களுக்குக்கூட அந்த ஒழுக்கம் இல்லை.

அவர் மூன்று என்றால் மூட்டை, பெட்டி, பிள்ளை சகிதம் கூட்டம் மூன்றுக்கு ஓடும். ஏன் என்று நின்று கேட்டவர் இல்லை. கடவுளே நேரில் வந்து சொல்லியிருந்தாலும் நாலு பேராவது "நிஜமாவா?" என்றிருப்பார்கள். அவரிடம் கேட்க மாட்டார்கள்.

வேலை மட்டும் நிரந்தரமில்லை, ஒப்பந்தம். பக்கத்து ஊர் நிலையங்களுக்கெல்லாம் தானாகப் பேசும் இயந்திரம் வந்துவிட்டது. நிலைய மேலாளர் இதைச் சொல்லி அவரை அவ்வப்போது பயமுறுத்துவார், பாசமாகத்தான்.

"மெஷினுக்கு எல்லாம் ரெடிங்க. நான்தான் கையெழுத்துப் போடாம இழுத்துக்கிட்டு இருக்கேன். ஏன் தெரியுமா? ஜனங்க உங்க குரலை நம்புறாங்க. நம்புறவரைக்கும் நீங்க இருங்க."

"நம்பாமப் போனா சார்?"

"அதுக்கு நீங்க பொய் சொல்லணும். உங்களுக்கு அந்தத் தெம்பு ஏது?"

இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டில் மனைவியிடம் சொன்னார். "தெம்பு இல்லைன்னு ஆபீஸ் வரைக்கும் தெரிஞ்சுபோச்சா?" என்றாள் அவள். 

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். டயர் கடை மாடியில் வீடியோ நிறுவனம் நடத்தினான். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் பத்துப் பத்தாகப் பிரித்து வரிசையில் நிற்கவைப்பது நிறுவனத்தின் தொழில். பத்து நீளமான பாலங்கள், பத்து கொடிய பாம்புகள், பத்து சோம்பேறி மிருகங்கள். வரிசை போட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் கூட்டம் சேரும். இரண்டாம் இடம் கிடைத்த பாம்பின் ஆதரவாளர்கள் நிறுவனத்தின் மீது கொலைவெறியில் இருந்தார்கள். "பாம்புக்கே இவ்வளவு ஆள் இருந்தா..." என்று மைத்துனன் ஒருநாள் கன்னத்தில் கைவைத்து யோசித்தான். கெட்ட காலம் பெரும்பாலும் கன்னத்தில் கைவைத்த கோலத்தில்தான் வருகிறது.

யோசனையின் முடிவில் தலைப்பு பிறந்தது: உலக வரலாற்றை அதிகம் மாற்றிய மத நிறுவனர் யார்?

நிறுவனத்தின் ஆள்பலம் இரண்டு பேர். வரலாறு படித்துவிட்டு, படித்ததற்கு யாரும் வேலை தராததால் அங்கே எழுத வந்த ஒரு பெண். அவளை 'ஹிஸ்டரி' என்பார்கள். வீடியோவை வெட்டி ஒட்டும் ஒரு பையன், அவன் 'கத்தரி'. ஹிஸ்டரி சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்யும் கெட்ட பழக்கம் உள்ளவள். அரண்மனையை விட்டு வெளியேறிய புத்தரைப் பற்றி எழுதினாள். தன் கையால் ஒரு நூல்கூட எழுதி வைக்காத இயேசுவின் சொற்களைச் சாலைகளும் கடிதங்களும் எங்கெல்லாம் சுமந்து போயின என்று எழுதினாள். நபிகள் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குள் அவர் போதித்த மார்க்கம் எத்தனை கடல்களின் கரையை எட்டியது, சிற்றுயிரையும் மிதிக்காதே என்ற மகாவீரரின் வார்த்தை நடக்கும் கால்களை எப்படி மாற்றியது, குரு நானக்கின் வழியில் பெரியவன் சின்னவன் எல்லோரும் எப்படி ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்றெல்லாம் எழுதினாள். கடைசியாக மானி என்று ஒருவர்.

"யாரும்மா இந்த மானி?" என்றான் மைத்துனன்.

"முன்னாடி வந்தவங்க தாங்களே எழுதி வைக்கலை, அதனாலதான் அவங்க சொன்னது திரிஞ்சுபோச்சுன்னு நினைச்சவர் சார். தன்னோடதைத் தானே எழுதினார். படமே வரைஞ்சார். ரோம்லேருந்து சீனா வரைக்கும் பரவின மதம். இன்னைக்கு அதைப் பின்பற்ற ஒருத்தர்கூட இல்லை."

"ஒருத்தர்கூட இல்லையா?"

"இல்லை சார்."

"அப்ப கமெண்ட் யார் போடுவா? தூக்கு."

மானி இரண்டாவது முறையாக உலகத்தைவிட்டு அகற்றப்பட்டார்.

"சரி, ரேங்க் எங்க?"

"ரேங்க் போட முடியாது சார். எதை வச்சு அளக்கறது? இன்னைக்கு எத்தனை பேர் பின்பற்றுறாங்கன்னா? எத்தனை ராஜா மதம் மாறினான்னா? அவங்க பேரைச் சொல்லி மத்தவங்க போட்ட சண்டையையும் அவங்க கணக்குலயே எழுதறதா?"

"எழுதினா யார் முதல்ல வர்றா?"

"சார்!"

"சும்மா கேட்டேன்மா. முடிவுல என்ன சொல்லியிருக்கே?"

"அளக்க முடியாதுன்னு."

"பத்து நிமிஷம் உக்காந்து பாத்துட்டு, கடைசியில அளக்க முடியாதுன்னா, செருப்பைக் கழட்டி போன் மேலயே போடுவான். அவன் போன்தான், இருந்தாலும் பாவம்."

நிறுவனத்துக்கு வழக்கமாகக் குரல் கொடுப்பவன் தலைப்பைக் கேட்டதும் தொண்டை கட்டிக்கொண்டதாகச் செய்தி அனுப்பினான். பாலத்துக்கும் பாம்புக்கும் கட்டாத தொண்டை. மைத்துனன் அக்காவிடம் போனான். அக்கா கணவரிடம் வந்தாள்.

"ஏங்க, என் தம்பி ஒண்ணு கேட்டு என்னைக்காவது நீங்க செஞ்சிருக்கீங்களா?"

"அவன் இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கலையே."

"கேட்டா செய்ய மாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கலை. இப்ப கேக்கறான்."

இந்தத் தர்க்கத்துக்கு எதிராக வாதாடி வென்ற கணவன் இதுவரை பிறக்கவில்லை. விடுமுறை நாள் மதியம் அறிவிப்பு டயர் கடை மாடிக்குப் போனார்.

ஒலிப்பதிவு அறை என்பது கதவு கழற்றிய ஒரு துணி அலமாரி. உட்புறம் பழைய மெத்தைகளை ஆணியடித்திருந்தார்கள். நடுவில் ஒரு ஸ்டூல். அதில் உட்கார்ந்து, முழங்கால் இரண்டும் மெத்தையில் முட்ட, அறிவிப்பு தாள்களைப் படித்துப் பார்த்தார். ஹிஸ்டரி எழுதியது அவருக்குப் பிடித்திருந்தது. இடையிடையே வேறு கையெழுத்தில் சில வரிகள் இருந்தன. அந்த இடத்தில் நிறுத்தினார்.

"மாப்ள, இதை நான் சொல்ல மாட்டேன்."

"எதை மாமா?"

"இந்த முதலிடம், ரெண்டாம் இடம். எனக்கு போன் வரலையே."

"யார்கிட்டேருந்து?"

"யார்கிட்டேருந்தும். இவர்தான் முதல்னு எனக்கு யாரும் உறுதிப்படுத்தலை. உறுதியாகாததை நான் மைக்ல சொன்னதே இல்ல."

மைத்துனன் ஹிஸ்டரியைப் பார்த்தான். அவள் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் அந்தச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தான்.

"சரி மாமா. நீங்க யாரையும் முதல்னு சொல்ல வேண்டாம். ஆளுக்கு ஒரு பத்தி, அதை மட்டும் படிங்க. வரிசையே கிடையாது."

"அது சரி."

"அப்படியே இன்னொரு சின்ன உதவி. வேற வீடியோவுக்கு, பாலம், அருவி அந்த மாதிரி. தனித்தனியா நாலு வார்த்தை வேணும். 'முதலிடத்தில்', 'இரண்டாம் இடத்தில்', அப்புறம் 'இதில் சந்தேகத்துக்கு இடமில்லை'."

"பாலத்துக்குத்தானே?"

"பாலத்துக்குத்தான் மாமா. பாலம் கோவிச்சுக்காது."

அறிவிப்பு கொஞ்சம் யோசித்தார். அவருடைய தொழிலில் தனி வார்த்தைக்கு உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. வண்டியும் நடைமேடையும் சேர்ந்தால்தான் தகவல். 'முதலிடத்தில்' என்று மட்டும் சொன்னால் அது யாரையும் எந்த வண்டியிலும் ஏற்றிவிடாது. மனசாட்சி பச்சைக்கொடி காட்டியது. படித்தார். அலமாரிக்குள் எதிரொலியே இல்லாவிட்டாலும் பழக்கதோஷத்தால் ஒவ்வொரு வார்த்தைக்குப் பிறகும் எதிரொலி அடங்கக் காத்திருந்தார். முதலிடத்தில். இரண்டாம் இடத்தில். இதில். சந்தேகத்துக்கு. இடமில்லை.

அவர் போன பிறகு கத்தரி அதைப் போட்டுக் கேட்டான். கண்ணில் நீர் வராத குறை. "அண்ணே, மத்தவங்க குரலை வெட்டினா ரத்தம் வரும். இவர் வெட்டியே குடுத்திருக்கார்ணே!"

அன்று மாலைக்குள் ஒரு வீடியோ ஐந்தானது. ஐந்திலும் ஐந்து பேர், ஐந்து பத்திகள், ஒரே குரல். முதலிடம் மட்டும் வேறு வேறு. ஒவ்வொன்றிலும் ஒருவரை அந்தக் குரல் முதலிடத்தில் நிறுத்தி, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்று முத்திரை குத்தியது. எந்தப் பதிப்பில் என்ன வரிசை என்று இங்கே எழுதினால் அது ஆறாவது பதிப்பாகிவிடும் என்பதால் விட்டுவிடலாம். யார் போனில் எந்தப் பதிப்பு போய் விழ வேண்டும் என்பதை, அவரவர் இதற்கு முன் எதைப் பார்த்துக் கைகூப்பினார்கள் என்று வைத்து வீடியோ தளத்தின் கணினி முடிவு செய்யும்.

"சார், அஞ்சையும் ஒருத்தரே பாத்துட்டா?" என்றாள் ஹிஸ்டரி. 

"ஏம்மா, அடுத்தவன் சாமி வீடியோவை எவன் பாக்கப்போறான்?"

மனிதகுலத்தைப் பற்றி இவ்வளவு திட்டவட்டமான ஆராய்ச்சி முடிவைக் கேட்டதும் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வீடியோக்கள் வெளியாகின. உலகத்தில் அதற்கு முன் அப்படியொரு அமைதி நிலவியிருக்குமா என்பது சந்தேகமே. அவரவருக்கு அவரவருடையவரே முதல். சண்டையே வரவில்லை. எல்லோரும் கண்ணீர் மல்க எல்லோருக்கும் அனுப்பினார்கள். 'எல்லோரும்' என்பது தங்களவர். "குரல்ல எவ்வளவு உண்மை!" என்று ஐந்து பக்கமும் எழுதினார்கள். நிறுவனர் என்று ஒருவர் இல்லாத மதத்தினர் மட்டும், நிறுவனர் இல்லாததே முதலிடத்துக்குத் தகுதிதான் என்று லேசாகக் குறைபட்டுக்கொண்டார்கள்.

அமைதியைக் குலைத்தது ஒரு காதல் திருமணம். அவன் ஒரு மதம், அவள் ஒரு மதம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரே சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் போன் 'முதலிடத்தில்' என்றது. அவள் போனும் 'முதலிடத்தில்' என்றது. அதே குரல். பெயர் வேறு. சந்தேகத்துக்கு இரண்டிலும் இடமில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நண்பர்களிடம் கேட்டு மிச்ச மூன்றையும் வாங்கி, ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி வெளியிட்டார்கள்.

கீழே முதல் ஆளே எழுதினான்: "இது நம்ம ஸ்டேஷன்ல பேசறவர் குரல்டா."

அறிவிப்பு தன் வீடியோவை அப்போதுதான் முதல்முறை பார்த்தார். மனைவிதான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஐந்து முதலிடமும் முடிந்ததும் அவர் சொன்னார்: "எல்லாம் நான் சொன்னதுதான். ஆனா நான் இதைச் சொல்லலை."

மனைவி தம்பிக்கு போன் போட்டாள். "டேய், பாலத்துக்குன்னு சொன்னியாமே?"

"அக்கா, யோசிச்சுப் பாத்தா இதுவும் மதங்களுக்கு நடுவுல ஒரு பாலம்..."

"வாயைக் கிழிச்சுருவேன்."

அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. முன்பு ஒருமுறை ஊரில் வெள்ளம் வந்தபோதுகூட ஒரே அறையில் உட்கார மறுத்த எல்லா மதத் தலைவர்களும் இப்போது ஒரே மண்டபத்தில் கூடினார்கள். யார் முதலில் உள்ளே போவது என்பதில் வாசலில் கொஞ்சம் தாமதம். அப்புறம் எல்லா வாசல்களையும் திறந்துவிட்டார்கள். ஒருவர் பேச மற்றவர்கள் தலையாட்டினார்கள். முதலிடம் யாருக்கு என்பது இப்போது யாருக்கும் பிரச்சினையாக இல்லை. ஒரே வாயால் ஐந்து பேருக்கும் சத்தியம் செய்த ஒருவன் ஊரில் உலவுகிறான், அதுதான் பிரச்சினை. அத்தனை நூற்றாண்டுகள் அத்தனை மகான்கள் பாடுபட்டும் கைகூடாத ஒற்றுமை, அரைக் கிலோ தக்காளி வாங்குகிற ஒருவரால் ஒரு மதியத்தில் கைகூடியது. அவரைத்தான் கூப்பிடவில்லை.

"மன்னிப்பு கேட்டுரலாம் மாமா," என்றான் மைத்துனன். "நடந்ததைச் சொல்லுங்க. ஒரே தடவை. எல்லாருக்கும் ஒண்ணுதான், என் அக்கா மேல சத்தியம்."

அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தச் சத்தியத்துக்குக் கொஞ்சம் மதிப்பிருந்தது. அறிவிப்பு மறுபடி அந்த அலமாரிக்குள் உட்கார்ந்தார். இந்த முறை யாரும் வெட்டக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். எனவே இடைவெளியே விடாமல், ஒரே மூச்சில், வார்த்தை மேல் வார்த்தை ஏற, "நான் யாரையும் முதல்னு சொல்லலைங்க தனித்தனியா சொன்னதைச் சேத்துட்டாங்க தப்பு என்னோடதுதான் தனியா சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுட்டேன் எல்லாரும் மன்னிச்சுருங்க" என்று சொல்லி முடித்து மூச்சு வாங்கினார். குரல் தழுதழுத்தது. நடுவில் ஒருமுறை இருமினார். கத்தரி முயன்றும் அதில் வெட்ட இடம் கிடைக்கவில்லை.

மன்னிப்பு வெளியானது. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கருத்தைச் சொன்னார்கள். இது அவர் குரலே இல்லை. "ஸ்டேஷன் ஆள் இப்படியா பேசுவார்? எங்கப்பாவைவிட அதிகமா நான் அந்தக் குரலைக் கேட்டிருக்கேன்." "ஆள் வச்சுப் பேச வச்சிருக்காங்க." "மன்னிப்புகூட டூப்ளிகேட்டா?" ஐந்து பொய்களும் சந்தேகமில்லாமல் அவருடையவை. வாழ்நாளில் அவர் மனம்விட்டுச் சொன்ன ஒரே விஷயம் போலி.

ஹிஸ்டரி தன் பழைய கட்டுரையை முழுசாக, மானியோடு சேர்த்து, தன் பக்கத்தில் போட்டாள். அறிவிப்பிடம் என்ன கேட்டார்கள், அவர் எதை மறுத்தார் என்பதையும் எழுதினாள். வரிசை எதுவும் இல்லாததால் யாரும் படிக்கவில்லை.

நிறுவனம் பெயரை மாற்றிக்கொண்டு பத்து அமைதியான ஏரிகளுக்குப் போய்விட்டது.

மேலாளர் அறிவிப்பைத் திட்டவில்லை. "கொஞ்ச நாள்ல மறந்துருவாங்க. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க," என்றார். அவரும் பார்த்தார். அவர் மைக்கை எடுத்ததும் கீழே சிலர் காதைப் பொத்திக்கொள்வதை ஜன்னல் வழியே பார்த்தார். பார்க்காததுபோல அடுத்த வண்டியைச் சொன்னார். கடைகளில் வாயைத் திறப்பதை நிறுத்திக்கொண்டார். தக்காளியை விரலால் காட்டினார். கடைக்காரர்களுக்கு நகைச்சுவை வற்றிப்போயிற்று.

ஒருநாள் காலை, எப்போதும் இரண்டாவது நடைமேடைக்கு வரும் வண்டியைப் பழுது காரணமாக ஐந்தாவதுக்குத் திருப்பினார்கள். தொலைபேசி அடித்தது. அவர் இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டு மைக்கைத் திறந்தார்.

தயவுசெய்து. கவனிக்கவும். ஐந்தாவது. நடைமேடைக்கு. வந்துசேரும்.

இரண்டாவது நடைமேடையில் நின்ற கூட்டம் அசையவில்லை. யாரோ ஒருவன் மேலே பார்த்துக் கத்தினான்: "நம்மகிட்ட அஞ்சும்பான், அந்தப் பக்கம் போய் மூணும்பான்! அஞ்சு பிளாட்பாரத்துக்கும் தனித்தனியா சொல்லுவான் சார் அவன்!" கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு. எல்லா மதத்தவரும் சேர்ந்து சிரித்தார்கள். ஓரிருவர் மட்டும் பெட்டியைத் தூக்கினார்கள். மற்றவர்கள் நிற்பதைப் பார்த்து வெட்கப்பட்டு இறக்கி வைத்தார்கள்.

அவர் மறுபடி சொன்னார். மறுபடியும். வண்டி ஐந்தாவதில் வந்து நின்றது. நடுவில் ஒரு சரக்கு வண்டி நின்றதால் இரண்டாவதில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. மாடியிலிருந்த அவருக்குத் தெரிந்தது. கதவுகள் திறந்து கிடந்தன. யாரும் ஏறவில்லை. அவரால் தாங்க முடியவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அய்யோ போங்களேன் வண்டி அங்கதான் நிக்குது உண்மையாத்தான் சொல்றேன் அஞ்சாவதுக்கு ஓடுங்க" என்று கதறினார்.

கீழே ஒரு பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "இது வேற யாரோ. எவனோ மைக்கைப் புடுங்கிட்டான் போல."

வண்டி போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் மாடி ஏறி வந்தாள். கையில் ஒரு பிளாஸ்க், தோளில் ஒரு பை. சண்டை போட வந்தவள்போல இல்லை. வாசலில் நின்றாள்.

"நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுங்க. விழுந்தும் நான் போகலை. எல்லாரும் நின்னாங்க, நானும் நின்னுட்டேன்."

அவர் எழுந்து நின்றார்.

"ஊர்ல அப்பா இன்னைக்கு ராத்திரியைத் தாண்ட மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டாங்க. அடுத்த வண்டி எப்பங்க?"

அவர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டு, மேசையிலிருந்த ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அது சாயங்கால வண்டி. அவள் தாளைப் பார்த்தாள். "சரிங்க," என்று சொல்லிவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டாள். கீழே போகவில்லை. அன்று முழுக்க அவர் மைக்கைத் தொடும்போதெல்லாம் கதவுக்கு வெளியே அவள் முதுகு தெரிந்தது.

மேலாளர் மறுநாள் கூப்பிட்டார். மேசைமேல் கையெழுத்துக்கான காகிதம் இருந்தது.

"நீங்க பொய் சொல்லலை. எனக்குத் தெரியும். போன்ல வந்ததைத்தான் சொன்னீங்க."

"ஆமா சார்."

"பிரச்சினை அதுதான். நீங்க பொய் சொல்லியிருந்தா நடவடிக்கை எடுத்து உங்களை வச்சுக்கலாம். உண்மையைச் சொல்லி வண்டியைத் தவறவிட வச்சீங்களே, அதுக்கு நான் மேல என்னன்னு எழுதறது?"

"இனிமே நான் தப்பா சொன்னா சரியா போவாங்களா சார்?"

"விளையாடாதீங்க."

அவர் விளையாடவில்லை. மேலாளர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

இயந்திரம் வந்தது. பெண் குரல், தேன் மாதிரி. வந்த சில நாட்களிலேயே, ரத்து செய்யப்பட்ட ஒரு வண்டி நான்காவது நடைமேடையில் நிற்பதாக அறிவித்தது. கூட்டம் நான்காவதுக்கு ஓடியது. வெறும் தண்டவாளத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு, தாமதமாகிறதுபோலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து காத்திருந்தது.

அறிவிப்பு வீட்டில் இருந்தார். பேச்சு குறைந்துவிட்டது. பேசினாலும் எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. நிறுத்தி நிறுத்திப் பேசினால் வீடியோ ஞாபகம் வந்தது. சேர்த்துப் பேசினால் யாரோ பேசுவதுபோல அவருக்கே இருந்தது. மனைவி முன்பைவிட அதிகமாகப் பேசினாள், இருவருக்கும் சேர்த்து. தம்பியைத் திட்டினாள், ஊரைத் திட்டினாள், அலமாரியைத் திட்டினாள். அவரை ஒருநாளும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு மதியம் அவள் சமையலறையில் இருந்தாள். அவர் முன்னறையில் ஜன்னலை ஒட்டிய நாற்காலியில். வெளியே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. வானம் இருட்டி, முதல் துளிகள் ஜன்னல் கம்பியில் விழுந்தன.

"மழை வருது," என்றார். "துணியை எடு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தாள். வாசலுக்குப் போகும் வழியில், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்று, ஜன்னல் கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டிப் பார்த்தாள்.

பிறகுதான் ஓடினாள்.